காஜா பெராங்கில் ஒரு சொல்யூஷன் கொட்டகை

"ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த செய்முறையைத் தொழிலில் பயன்படுத்த அனுமதி கோரும் மனுவுக்கு முப்பது நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். அளிக்கப்படாவிடில் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும்." விதி பதினொன்று, உட்பிரிவு இ. சென்னையில் தொழில் இலாகாவில் இருந்தபோது நான் வரைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவற்றில் நான் வெட்கப்படாத சில வாக்கியங்களில் இது ஒன்று. கடலைத் தாண்டி அது செல்லாது என்பது 1958இல் மலாக்காவுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கல்லூரிகளில் நடக்கும் ஆராய்ச்சியைத் தொழிலாக மாற்ற இப்போது தனிக் கட்டடங்களே கட்டுகிறார்கள் என்று அண்மையில் செய்தித்தாளில் படித்தேன். இடம், மின்சாரம், ஆலோசனை, முதல் வாடிக்கையாளர் எல்லாம் அங்கே கிடைக்குமாம். கோழி முட்டையை அடைகாப்பது போல என்று ஓர் அமைச்சர் விளக்கியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி ஒரு கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். தகரக் கூரை, பின்பக்கம் வாழைமரம், பக்கத்து வீட்டு மிளகாய்ப் பாய். அதைக் கட்டியவர் ஒரு சைக்கிள் கடைக்காரர்.

என் தங்கை மகன் ரத்தினம் மலாயாவில் பிறந்தவன். அங்கே ஒரு கல்லூரியில் ரசாயன விரிவுரையாளன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அதன் அலுவலகத்தில் அன்று இருந்தவர்கள் இன்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் உறக்கத்தைக் கெடுப்பானேன். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டும் பசையைப் பற்றி அவன் ஆராய்ச்சி செய்திருந்தான். கடைகளில் அதற்கு சொல்யூஷன் என்று பெயர். ரப்பர் பால் மலாயாவில் வடிகிறது, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகிறது, அங்கே பசையாகிச் சிறு ஈயக் குழாய்களில் அடைபட்டுத் திரும்பி வருகிறது. வந்ததும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பாதி குழாய்களில் இறுகிவிடுகிறது. இறுகாத பசையை இங்கேயே செய்ய ரத்தினம் வழி கண்டிருந்தான்.

சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, பசையை விற்க அனுமதி கேட்டுக் கல்லூரிக்கு மனு போட்டுவிட்டு மலாக்காவில் வந்து உட்கார்ந்துவிட்டான். விடுப்பு முடியும் நாள் நெருங்கியது. பதில் வரவில்லை. "அண்ணா, நீங்கள் வந்து ஒரு நல்ல மனு எழுதிக் கொடுத்தால் நகரும்" என்று தங்கை எழுதினாள். ஓய்வுபெற்றவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கிளம்பிவிட்டேன்.

மலாக்காவில் இறங்கிய அன்று ஊர் முழுக்கக் கொடியாகத் தெரிந்தது. சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு வரப்போகிறதாம். முடிதிருத்தும் கடையிலும் கொடி, செண்டோல் வண்டியிலும் கொடி. பதினோரு வருடத்துக்கு முன் சென்னையில் நாங்களும் இப்படித்தான் இருந்தோம். அப்போது எந்த மேசையில் எந்தக் காகிதம் கிடந்தாலும், நாளைக்கு யாரோ அதைப் படிக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

செண்டோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிறத்தில் இடியாப்பத் துண்டு போல ஏதோ, மேலே கருகருவென்று பனைவெல்லப் பாகு. வெயிலில் நின்று ஒரு கிண்ணம் குடித்ததும் இந்த நாட்டின் மீது எனக்கிருந்த ஆட்சேபணைகளில் பாதி கரைந்துவிட்டன. கரைந்த பாதி மதியச் சாப்பாட்டில் திரும்பி வந்தது. நான் மரக்கறி உண்பவன் என்று சொன்னதும், கடைக்காரர் மகிழ்ச்சியோடு கங்குங் கீரை வதக்கல் கொண்டுவந்தார். வாயில் வைத்தால் கடல் வாடை.

"இதில் என்ன போட்டிருக்கிறது?" என்றேன்.

"ஒண்ணும் இல்லலா மாமா, கொஞ்சம் பிளாச்சான்" என்றான் ரத்தினம்.

"பிளாச்சான் என்றால்?"

"அரைச்ச கூனி இறால். ஆனா தனியா தெரியாது."

இந்த ஊரில் மரக்கறி என்றால் இறைச்சி கண்ணுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் மாறினேன்.

மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில் தெருவைப் பார்த்து நின்ற சைக்கிள் கடை காதர் மைதீனுடையது. ராமநாதபுரத்துப் பூர்வீகம், மூன்று தலைமுறையாக மலாக்கா. வெள்ளைக் குல்லாய், கைலி, கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். ரத்தினம் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டான். கடைக்குப் பின்னால் பழைய சைக்கிள் சட்டங்கள் போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து ரத்தினத்துக்குக் கொடுத்திருந்தார்.

"என்ன ஒப்பந்தம்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"ஒப்பந்தமா? தம்பி பசை காய்ச்சுறாரு. எங்கிட்ட டியூப் இருக்கு. வேற என்னங்கய்யா வேணும்?"

எங்கள் இலாகாவில் இதே கேள்விக்குப் பதினாறு பக்கப் படிவம் வைத்திருந்தோம். ஆய்வுக்கூடத்துச் செய்முறைகளுக்காகச் சென்னைக்கு வெளியே கொட்டகைகள்கூடக் கட்டினோம். தண்ணீர், மின்சாரம், வெள்ளையடித்த சுவர் எல்லாம் உண்டு. ஆராய்ச்சி செய்தவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை, வியாபாரிகளுக்கு ஆராய்ச்சி மீது நம்பிக்கையில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடினோம். கொட்டகைகளில் பல கடைசியில் சிமெண்டு மூட்டை வைக்கப் பயன்பட்டன. இங்கே காதர் நானாவிடம் டியூபும், அதைக் கொண்டுவரும் ஆட்களும் முதலிலேயே இருந்தார்கள்.

இரண்டாம் நாள் புது மனு எழுதினேன். முன்னுரை, செய்முறையின் பயன், நாட்டின் அந்நியச் செலாவணி, புதிய சுதந்திரம், பணிவான வேண்டுகோள். ரத்தினம் படித்துவிட்டு, "மாமா, இதைப் படிச்சா எனக்கே அழுகை வருது" என்றான். பண்டார் ஹிலிர் பக்கம் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். தபாலகத்தில் வரிசை இருந்தது, அந்த வரிசையை எல்லோரும் மதித்தார்கள். சென்னைக்காரனுக்கு அது ஒரு காட்சி.

திரும்பும்போதுதான் பெச்சா கவிழ இருந்தது.

பெச்சா என்பது மூன்று சக்கர சைக்கிள் வண்டி. சென்னையில் அன்று ரிக்‌ஷாவை மனிதன் கையால் இழுத்துக்கொண்டு ஓடுவான், ஏறி உட்கார்ந்தவனுக்கு வெட்கமாக இருக்கும். மலாக்காவில் ஓட்டுபவனுக்குப் பக்கத்திலேயே பயணிக்கு இருக்கை. இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்து ஒரே வெயிலில் போகலாம். அதனால் பேச்சும் நடக்கும். எனக்கு வாய்த்தவர் ஆ செங் என்ற சீனர். மலாயில் இடைவிடாமல் பேசினார். ரத்தினம் பின்னால் சைக்கிளில் வந்தபடி மொழிபெயர்த்தான்.

"உங்க மாமா ரொம்பப் பெரிய அதிகாரியான்னு கேக்குறாரு."

"இருந்தேன் என்று சொல்."

"அப்ப ஏன் இவ்ளோ ஒல்லியா இருக்காருன்னு கேக்குறாரு."

பதில் சொல்வதற்குள் என் பக்கத்துச் சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்தது. நான் ஆ செங்கின் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அவர் இறங்கி, டயரைக் கழற்றி, டியூபை வெளியே இழுத்தார். முந்தின நாள் ரத்தினம் தன் கையால் ஒட்டிய ஒட்டு, நடு மதியத்தில் வெண்ணெய் போல ஒரு பக்கமாக வழுக்கிக் கிடந்தது. ஆ செங் அதை விரலில் எடுத்து ரத்தினத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"டாக்டர் பசை" என்றார் ஆ செங். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இங்கே காதர் நானாவின் கடையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் போட்ட ஒட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பிரிந்தால், ஒட்டியவன் பெச்சாவை மிதிக்க வேண்டும். பெச்சாக்காரர் பயணியின் இருக்கையில் உட்கார்ந்து வீடு போய்ச் சேருவார். காதர் நானாவின் தகப்பனார் ஏற்படுத்தியதாம். இதுவரை நானாவே இரண்டு தடவை மிதித்திருக்கிறாராம்.

ஆக, கடையில் வேறு டியூப் மாட்டியதும், முதுகலைப் பட்டம் பெற்ற என் தங்கை மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெச்சாவில் ஏறினான். ஆ செங் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். காஜா பெராங் சாலையில் கடைக்குக் கடை ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"தம்பி, வேகமா மிதி, தவுக்கேக்குப் பசிக்குது!" என்று நானா கத்தினார். தவுக்கே என்றால் முதலாளி.

என் தங்கை பார்த்திருந்தால் அழுதிருப்பாள். நான் பார்த்தேன், எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு விரிவுரையாளன் மலாக்கா முழுக்கப் பெச்சா மிதித்த செய்தி கல்லூரிக்குப் போனால், மனுவின் கதி என்ன என்றுதான் கணக்குப் போட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாகி ரத்தினம் திரும்பினான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல், "மாமா, ரோட்டைத் தொட்டுப் பாருங்க" என்றான். தொட்டேன், கையை எடுத்துக்கொண்டேன்.

"என் லேப்ல குளிர்சாதனம் ஓடும். அங்கதான் எல்லாச் சோதனையும் செஞ்சேன். புழுக்கத்துக்கு ஈரத்தை வச்சுப் பாத்தேன். தார் ரோட்டோட சூட்டை வச்சுப் பாக்கல."

"உன் மேற்பார்வையாளர் கேட்கவில்லையா?"

"அவரும் அதே ரூம்லதான் உக்காந்திருந்தாரு மாமா."

அன்று மாலை முதல் கொட்டகையில் வேறு விதமான வேலை நடந்தது. சூட்டில் இளகாமலிருக்க ரப்பரில் கந்தகம் ஏற வேண்டும். கந்தகமும் அதை முடுக்கிவிடும் மருந்தும் ஒரே டின்னில் இருந்தால் டின்னுக்குள்ளேயே பசை இறுகிவிடும். ஆகவே டின் இரண்டு. ஒன்றிலிருந்து டியூபில் ஒரு பூச்சு, மற்றதிலிருந்து ஒட்டுத் துண்டில் ஒரு பூச்சு, பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரையின் பின்னிணைப்பில் இது இருந்ததாம். வேண்டாத சிக்கல் என்று ஒதுக்கி வைத்திருந்தான்.

பக்கத்து வீட்டுத் தெய்வானையம்மாள் மறுநாள் சண்டைக்கு வந்தார். மலாக்காச் செட்டி வம்சம். முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பெயர் தெய்வானை, நெற்றியில் திருநீறு, உடுப்பு கெபாயா என்ற மலாய்ச் சட்டையும் சாரோங் கைலியும், வாயில் ஒரு சொல் தமிழ் கிடையாது. என்னிடம் மலாய் கலந்த தங்கள் பேச்சில் படபடவென்று பொரிந்தார். ரத்தினம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இவங்க மிளகாயும் கொத்தமல்லியும் காய வச்சிருக்காங்களாம். நம்ம பசை நாத்தம் அதுல ஏறிடுச்சாம். நேத்துக் குழம்பு டயர் மாதிரி இருந்துச்சாம்."

"மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம் என்று சொல்."

"மன்னிப்பு வேணாமாம். நீங்க வந்து அந்தக் குழம்பைச் சாப்பிடணுமாம்."

சாப்பிட்டேன். புளிப்பும் காரமுமாக, நிச்சயமாக மீன் இருந்தது. சைவத்தை மூன்றாம் நாளே கைவிட்டேன் என்பதை இங்கே முதன்முதலாக எழுதுகிறேன், என் மனைவி இப்போது இல்லாத தைரியத்தில். டயர் வாசனை எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு வழி சொன்னோம்: நானாவின் கடை மாடியில் வெயில் அதிகம், பாயை அங்கே விரித்துக்கொள்ளலாம். ஒரு கண்டிப்போடு ஒத்துக்கொண்டார். கொட்டகைக்குள் அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. ரப்பரைக் கரைக்கும், சட்டென்று தீப்பற்றும் நாப்தாவுக்குப் பக்கத்தில் பீடி பிடிப்பதை நானாவும் அன்றோடு விட்டார். எங்கள் இலாகாவின் பாதுகாப்பு விதிகள் நாற்பது பத்தி. இது ஒரே வாக்கியம், அதையும் ஒருவர் மதில் மேலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு டின் பசை சூட்டைத் தாங்கியது. ஆ செங் வேண்டுமென்றே பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரை உச்சி வெயிலில் இரண்டு குண்டு மனிதர்களை ஏற்றிப் போய்த் திரும்பினார். வந்ததும் ஒட்டைப் பிய்க்கப் பார்த்தார். டியூப்தான் கிழிந்தது.

"டாக்டர்!" என்றார். இம்முறை அந்தச் சொல்லில் கேலி கொஞ்சம் குறைவாக இருந்தது.

இனி விற்க வேண்டியதுதான். விற்க முடியாது. கல்லூரிப் பணத்தில் கண்டுபிடித்த எந்தப் பொருளையும் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று ரத்தினம் வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த நிபந்தனைகளை வாங்கி இரவு முழுக்கப் படித்தேன். நன்றாக எழுதப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட காகிதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது, வேட்டை நாய்க்கு முயல் வாடை கிடைத்தது போன்ற இன்பம். ஓய்வுபெற்ற பிறகு அது எனக்குக் கிடைக்கவே இல்லை.

காலையில் காதர் நானாவிடம் கேட்டேன். "உங்கள் கடையில் பஞ்சர் ஒட்டும்போது பசைக்குத் தனியாகக் காசு வாங்குவீர்களா?"

"யாருங்கய்யா வாங்குவா? ஒட்டுறதுக்குத்தான் காசு."

"அப்படியென்றால் ரத்தினம் எதையும் விற்க வேண்டாம். ஒட்டட்டும். தன் பசையால் தன் கையாலேயே ஒட்டுவதை இந்தக் காகிதத்தில் எந்த வரியும் தடுக்கவில்லை."

நானா கொஞ்ச நேரம் ஸ்பேனரால் முதுகைச் சொறிந்தார். "அப்ப மத்த கடைக்காரனுங்க?"

"அவர்கள் டியூபை இங்கே அனுப்பட்டும்."

"சீனன் கடையிலேர்ந்து என் கடைக்கு டியூப் வருமா? நல்லா சொன்னீங்க போங்க!"

வந்தது. இறுகிப்போகும் இங்கிலாந்துக் குழாய்களோடு வேலை நேரத்தில் மல்லுக்கட்ட எந்தக் கடைக்கும் பொறுமையில்லை. புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்துகூடக் கட்டுக் கட்டாக டியூப்கள் சைக்கிள் கைப்பிடிகளில் தொங்கிக்கொண்டு வந்தன. ஆ செங் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம், டாக்டர் ஒட்டினால் டாக்டரே மிதிக்க வேண்டும், அதனால் ஒழுங்காக ஒட்டுவார் என்று. விளம்பரத்துக்கு எங்கள் இலாகா வைத்திருந்த அதிகாரியை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கில் நாப்தாவும் வறுத்த மல்லியும் சேர்ந்து வருகின்றன. மாலையில் வேலை முடிந்ததும் நானா கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வரவழைப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் தெய்வானையம்மாள் ஏதோ முணுமுணுப்பார். கேட்டால், அம்மன் மேல் தமிழ்ப் பாட்டு. பொருள் தெரியாமல் ஓர் எழுத்துப் பிசகாமல் பாடினார். ரத்தினம் கொட்டகை வாசலில் குந்தி, ஈயக் குழாய்கள் வாங்க எவ்வளவு ஆகும், லேபிளில் புலி போடலாமா, யானை போடலாமா என்று பேசுவான். புது நாடு, புதுப் பசை, எல்லாம் நாளைக்கே நடந்துவிடும் என்ற குரல். அந்தக் குரலை அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் கல்லூரியிலிருந்து உறை வந்தது. எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றோம். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விடுப்பு முடிகிறது, முதல் தேதி வேலையில் சேர வேண்டும், சேராவிட்டால் பதவி காலியானதாகக் கருதப்படும். அவ்வளவுதான்.

"அனுமதி வராமயே போனா?" என்றார் நானா.

சேர்ந்தால் சம்பளம், குடியிருப்பு, இன்னும் சில வருடத்தில் மூத்த விரிவுரையாளர் பதவி. சேராவிட்டால் விற்க உரிமையில்லாத ஒரு பசை, இரவல் கொட்டகை, ஒட்டும் கூலி. நான் கையோடு இரண்டு கடிதம் எழுதினேன். சேருகிறேன் என்று ஒன்று, ராஜினாமா செய்கிறேன் என்று ஒன்று. இரண்டும் நல்ல நடை. மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தேன். எதையும் சிபாரிசு செய்யவில்லை. என் முப்பது வருட வேலையில் பதில் வராமல் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் சிபாரிசு எந்தப் பக்கம் சாயும் என்பது ரத்தினத்துக்கும் தெரியும்.

"நானா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றான் ரத்தினம்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. நீ போனா கொட்டகையில பழைய சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்குவேன். இருந்தா, கூரையில ஒரு தகரம் மாத்தணும், ஒழுகுது."

ரத்தினம் வெளியே போனான். வாசலில் ஆ செங் ஒரு டியூபோடு காத்திருந்தார். அதை வாங்கி, ஓட்டையைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்து, தேய்த்து, ஒரு பூச்சு, மறு பூச்சு, கட்டை விரலால் அழுத்தினான். முழுசாக ஒட்டி முடித்துக் கையில் கொடுத்த பிறகு உள்ளே வந்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். ஓரத்தில் பசைக் கறை பட்டுவிட்டது. வேறு பிரதி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. அவங்களும் ஒரு தடவை பாக்கட்டும்."

மறுநாள் கப்பலுக்குப் போகும் வழியில் நானே அதைப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீது வாங்கி அவனுக்கு அனுப்பினேன். தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் எந்த மாதிரி வாசகமும் என்னிடம் இல்லை.

பிறகு கடிதங்களில் தெரிந்துகொண்டது. ரத்தினம் ஒட்டிக்கொண்டே இருந்தான். ஒட்டுவதற்கு மூன்று பேரை வைத்தான். மூவரும் காதர் கடை வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊரில் ஒரு பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர், மிளகு உலர்த்த ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டு எங்கே சோதிப்பதென்று தெரியாமல் இருந்தார். அவரைக் கொட்டகையின் மறு மூலையில் உட்கார வைத்தார் நானா. அவரை மேற்பார்வை செய்தது தெய்வானையம்மாள், முதல் மூட்டையும் அவருடையதே. ஆசிரியரின் பெட்டி ஒரு தடவை மிளகைத் தீய்த்தது. அவர் எதை மிதித்து அபராதம் கட்டினார் என்று ரத்தினம் எழுதவில்லை.

இதற்கிடையில் நான் சென்னையிலிருந்து கல்லூரிக்கு நினைவூட்டல்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பணிவானது. பதவியில் இல்லாதவனின் பணிவுக்கு எந்த எல்லையும் கிடையாது.

கடைசியில் ரத்தினத்திடமிருந்து ஒரு சிறு கடிதம். "கேட்டது கிடைத்துவிட்டது மாமா. முன்னாள் விரிவுரையாளர் தம் பசையைச் சிறு அளவில் விற்றுப் பார்க்கலாமாம், வரவேற்பு எப்படி இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து அறிக்கை தர வேண்டுமாம். நானாவுக்குப் படித்துக் காட்டினேன். வெளியே நின்றிருந்த பெச்சாக்களைக் காட்டி, இதில் எதன் சக்கரத்தில் உன் ஒட்டு இல்லையென்று தேடிப் பார்த்து, அதை மட்டும் அறிக்கையில் எழுது என்கிறார்." கல்லூரியின் அந்தப் பதில் காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தது 1961 பிப்ரவரி 9, வியாழக்கிழமை.